விளக்கு எப்படிப் பூச்சாடி ஆனது

விக்டோரியா காலத்துக் கண்ணாடிச் சாமானில் அரபு எழுத்து மாதிரி ஏதாவது தென்பட்டால், விலைச்சீட்டுக்கு முன்னால் என் கண் அங்கேதான் போகும். சின்ன வயதில் குர்ஆன் ஓதிப் பழகியது. எழுத்தைக் கண்டால் உதடு தானாக அசையும். பெரும்பாலும் பாதியிலேயே நின்றும்விடும். ஒரு அலிஃப், ஒரு லாம், திரும்பவும் அலிஃப், திரும்பவும் லாம், அப்புறம் ஒரு வளைவு, அதன் முனையில் ஒரு பூ. சொல் எதுவும் வராது. நிமிர்ந்து நிற்கும் கோடுகள் வரிசையாக வந்தால் பார்க்க அழகாக இருக்கிறதே என்று எழுதியவர் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்.

நான் இருப்பது இங்கிலாந்தில், ஸ்டவர்பிரிட்ஜ் பக்கத்தில். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் லொரேன் பகுதியிலிருந்து வந்த கண்ணாடித் தொழிலாளர்கள் குடியேறிய ஊர் இது. நிலக்கரியும் உலைக்கு வேண்டிய களிமண்ணும் ஒரே இடத்தில் கிடைத்ததால் இங்கேயே தங்கிவிட்டார்கள். வேர்ட்ஸ்லியில் நூறடி உயரத்துக்கு நிற்கிற செங்கல் உலைக்கூம்பைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். வேலை, செயற்கைப் பல் செய்யும் லேபில். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, உலோகத் தொப்பிமேல் பீங்கான் பொடியைத் தூரிகையால் அடுக்கடுக்காகத் தடவி, சின்ன உலையில் வைத்துச் சுடுவது. எனாமல் (கண்ணாடிப் பொடியால் தீட்டிச் சுட்ட வண்ணம்) வைத்த கண்ணாடியைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கிறது என்றால் காரணம் இதுதான். செய்முறை ஏறக்குறைய ஒன்றே.

இந்த எழுத்து இங்கிலாந்துக் கண்ணாடிக்கு வந்த கதையை முதலிலிருந்து சொல்கிறேன். கெய்ரோவிலும் சிரியாவிலும் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், முக்கியமாகப் பதினான்காம் நூற்றாண்டில், பள்ளிவாசல்களுக்கென்றே கண்ணாடி விளக்குகள் செய்தார்கள். விரிந்த வாய், ஒடுங்கிய கழுத்து, பருத்த வயிறு, அடியில் பாதம். தோளில் கண்ணாடியாலேயே ஒட்டிய வளையங்கள். அவற்றில் சங்கிலி கோத்து உத்தரத்திலிருந்து தொங்கவிடுவார்கள். உள்ளே தண்ணீரும் எண்ணெயும் திரியுமாக இன்னொரு சின்னக் கிண்ணம். வெளியே நீலமும் சிவப்பும் வெள்ளையுமாக எனாமல், நடுநடுவே தங்கம். கழுத்தில் பெரும்பாலும் குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்து 35ஆம் வசனம். அல்லாஹ் வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி. அந்த ஒளிக்கு உவமை ஒரு மாடம், மாடத்தில் ஒரு விளக்கு, விளக்கோ ஒரு கண்ணாடிக்குள் என்று போகும் வசனம். கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கைப் பற்றிய வரியைக் கண்ணாடி விளக்கிலேயே எழுதி, உள்ளே திரியை ஏற்றிவிடுகிறார்கள். வயிற்றுப் பகுதியில் இன்னும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. எழுத்தின் வடிவத்துக்கு இடம் விட்டுவிட்டுச் சுற்றிலும் நீலத்தை நிரப்புவார்கள். அங்கே இருப்பது சுல்தானின் பட்டங்கள் அல்லது கொடை கொடுத்த அமீரின், அதாவது பிரபுவின், பெயர்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் துகுஸ்திமூர் விளக்கை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் சுல்தான் அந்நாசிர் முஹம்மதுக்குப் பானம் பரிமாறுகிற பதவியில் இருந்த அமீர். அதனால் விளக்கில் அவருடைய முத்திரை, ஒரு கோப்பையும் மேலே ஒரு பறவையும். கழுத்திலோ அந்த வசனம். இப்படிப்பட்ட விளக்குகளில் கழுத்தைச் சுற்றி வந்து இடம் தீர்ந்ததும் வசனமும் அங்கேயே நின்றுவிடுவது சாதாரணம். மீதியைத் தெரிந்தவர்கள் மனசுக்குள் முடித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். நானும் முடித்துக்கொண்டேன்.

பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தத் தொழில் நொடித்துப்போனது. 1569இல் துருக்கி உஸ்மானியப் பேரரசின் வசீர் சொகொல்லு மெஹ்மத் பாஷா 900 பள்ளிவாசல் விளக்குகளுக்கு ஆர்டர் கொடுத்தது வெனிஸுக்கு! அதாவது, ஐரோப்பியர் முஸ்லிம் நாட்டு விளக்கைச் செய்து கொடுப்பது விக்டோரியா காலத்தில் திடீரென்று முளைத்த சங்கதி இல்லை. ஆனால் அந்த 900ம் தொங்கவிடுவதற்காகச் செய்யப்பட்டவை. அது பெரிய வித்தியாசம்.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். இங்கே 1845 வரை கண்ணாடிக்கு எடை பார்த்து வரி. கனமாகச் செய்தால் கனமான வரி. அந்த ஆண்டு வரியை எடுத்ததும் தொழிற்சாலைகளுக்கு மூச்சு வந்தது. லண்டனில் நடந்த 1851 மாபெரும் கண்காட்சியில் பர்மிங்ஹாம் ஆஸ்லர் கம்பெனி 27 அடி உயரத்துக்குக் கண்ணாடி நீரூற்றே வைத்தது. அந்தக் கண்காட்சி நடந்த கிரிஸ்டல் பேலஸின் உள்பக்கத்துக்கு வண்ணம் தீர்மானித்தவர் ஓவன் ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர். இவர்தான் இந்தக் கதையில் எனக்குச் சிக்கலான ஆள்.

ஜோன்ஸ் 1834இல் ஜூல்ஸ் கூரி என்ற பிரெஞ்சுக்கார நண்பரோடு ஸ்பெயினின் கிரனாடா போய் அல்ஹம்ப்ரா மாளிகையை அங்குலம் அங்குலமாக வரைந்தார். கூரி அங்கேயே காலராவில் இறந்துபோனார். ஜோன்ஸ் வேலையை விடவில்லை. அந்தப் படங்களை அச்சிட, இங்கிலாந்தில் அப்போது அரிதாக இருந்த கல்லச்சு வண்ணமுறையையே தானாக ஏற்பாடு செய்துகொண்டார். 1856இல் பல நாட்டு அலங்கார வடிவங்களைத் தொகுத்த அவருடைய ‘கிராமர் ஆஃப் ஆர்னமென்ட்’ புத்தகம் வந்தது. நூறு வண்ணத் தகடுகள், அதாவது முழுப்பக்கப் படங்கள், 37 விதிகள். அரபு, துருக்கி, மூர் (அல்ஹம்ப்ராவைக் கட்டிய ஸ்பெயின் முஸ்லிம்கள்), பாரசீகம், இந்தியா எல்லாவற்றுக்கும் தனித்தனி அத்தியாயம். அதில் மூர்களுக்கு உச்சாணிக்கொம்பு, துருக்கியருக்குக் கீழ்ப்படி. அந்த ஏற்ற இறக்கம் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் மனிதர் பார்த்த விதம் அசல். அல்ஹம்ப்ரா சுவரில் இருப்பது அலங்காரம் மட்டுமில்லை, வாசகமும்தான் என்று அவருக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்பதையும் மொழிபெயர்ப்போடு போட்டார். அந்தப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தவர்களுக்குத்தான் அது தேவைப்படவில்லை. தகட்டில் இருப்பதைத் தடவியெடுத்தால் போதும். வடிவம் புத்தகத்துக்குள் தட்டையாக வந்துவிட்டால், அது முதலில் சுவரில் இருந்ததா விளக்கில் இருந்ததா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

பாரிஸில் ஃபிலிப்-ஜோசப் ப்ரொகார் என்று ஒருவர் இருந்தார். பழைய கலைப்பொருட்களைப் பழுது பார்ப்பதில் தொடங்கியவர். க்ளூனி மியூசியத்தில் மம்லூக் விளக்கைப் பார்த்துவிட்டு, இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார். 1867 பாரிஸ் கண்காட்சியில் தன் விளக்குகளை வைத்தபோது ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது. லண்டனில் அன்றைக்கு சவுத் கென்சிங்டன் மியூசியம் என்று இருந்த விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்திலும் அவருடைய விளக்கு இருக்கிறது.

எனக்கு ப்ரொகார்மேல் இருக்கும் மரியாதை லேபில் வேலை செய்பவளுக்கே உரியது. எனாமல் என்பது வண்ணம் சேர்த்த கண்ணாடிப் பொடி. அதைக் குழைத்து ஆறிய பாத்திரத்தின்மேல் தீட்டி மறுபடி சுட வேண்டும். பொடி உருக வேண்டும், ஆனால் பாத்திரம் தொய்யக் கூடாது. இடையில் இருக்கும் வெப்ப இடைவெளி சின்னது. அது போதாதென்று, ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்க வேண்டும். எனாமல் ஒரு விதமாகவும் பாத்திரம் ஒரு விதமாகவும் சுருங்கினால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் சில்லு சில்லாக உரியும். பீங்கான் பல்லிலும் இதே தலைவலிதான். எங்களுக்குப் பொடி செய்யும் கம்பெனி எண்களை டப்பாமேலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. ப்ரொகாருக்கு யார் கொடுத்தார்கள்? நீலத்துக்கு ஒரு பக்குவம், சிவப்புக்கு ஒரு பக்குவம், தங்கத்துக்கு வேறு. எல்லாம் ஒரே பாத்திரத்தில். ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்து, கெடுத்து, மறுபடி சுட்டுத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். முன்மாதிரியில் இருந்த எழுத்தையும் கூடியவரை அப்படியே படியெடுத்தார். பல சாமான்களில் தன் பெயரையும் போட்டார், பழசு என்று யாரையும் ஏமாற்றாமல்.

அவருக்குப் பின்னால் பெரிய கூட்டமே கிளம்பியது. வியன்னாவில் லாப்மையர், நான்சியில் இளவயது எமில் கலே, வெனிஸில் சால்வியாத்தி. இந்த ஊருக்குப் பாரிஸிலிருந்து 1879இல் வந்து சேர்ந்தவர் ஜூல்ஸ் பார்ப். தாமஸ் வெப் அண்ட் சன்ஸ் கம்பெனிக்காகத் தங்கமும் எனாமலும் வைத்தவர். இங்கிலாந்தின் கண்ணாடியில் ஈயம் அதிகம். மம்லூக் கண்ணாடியைவிடச் சீக்கிரம் இளகும். அதன்மேல் புடைத்து நிற்கிற மாதிரித் தங்கக் கொடிகளை ஏற்றுவது விளையாட்டில்லை. பாரசீகக் கொடிகள், இலைகள், பூக்கள் என்று அவர் கைவைத்த குடுவைகள் நகை மாதிரி இருக்கும். நகை மாதிரி இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. விளக்கின்மேல் இருந்த தங்கம், உள்ளே ஆடும் சுடருக்காக வைத்தது. பார்பின் தங்கம், சீமாட்டியின் வரவேற்பறையில் வெளியிலிருந்து அடிக்கும் கேஸ் விளக்குக்காக வைத்தது.

இங்கேதான் விளக்கு பூச்சாடி ஆனது. உருவம் அதேதான், விரிந்த வாய், ஒடுங்கிய கழுத்து, பருத்த வயிறு. வளையங்களும் தோளில் இருக்கும், ஆனால் சங்கிலி இல்லை. தொங்க வேண்டியதை மேன்டல்பீஸ் என்ற கணப்பு மேடைமேல் உட்கார வைத்தாயிற்று. உட்கார வேண்டுமே என்று பாதம் அகலமானது. சில பூச்சாடிகளில் அந்த வளையத்தின் துளை நூல்கூடப் போகாத அளவுக்கு அடைந்து போயிருக்கிறது. எதற்கு வளையம் என்பதே மறந்துபோன பிறகும் வளையம் மட்டும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஆசைப்பட்டவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. லண்டன் ஹாலந்து பார்க்கில் ஓவியர் ஃபிரெடரிக் லெய்ட்டன் தன் வீட்டுக்குள் அரபு மண்டபமே கட்டிக்கொண்டார். டமாஸ்கஸ் ஓடுகள், நடுவில் நீரூற்று. அந்தக் கனவின் ஒரு துண்டு நடுத்தர வீட்டு அலமாரியிலும் இருக்க வேண்டும் என்றால் அது கண்ணாடிக் குடுவையாகத்தான் இருக்க முடியும். ஆனால் அதே காலத்தில் கெய்ரோ பள்ளிவாசல்களிலிருந்து அசல் விளக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் சேர்ந்துகொண்டிருந்தன. 1881இல் அங்கே நினைவுச்சின்னப் பாதுகாப்புக் குழு அமைத்த பிறகுதான் மிச்சமிருந்தவற்றை ஒரே இடத்தில் சேர்த்தார்கள். நகல் பெருகப் பெருக அசலுக்குக் கிராக்கியும் ஏறியிருக்கும் என்பது என் ஊகம்.

பாரசீகத்திலிருந்து வந்தது வேறு வழி. தெஹ்ரானில் தந்தித் துறைக்குத் தலைமை வகித்த ராபர்ட் மர்டோக் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து ராணுவப் பொறியாளர், 1873இலிருந்து சவுத் கென்சிங்டன் மியூசியத்துக்காகச் சாமான்களை வாங்கிக் குவித்தார். 1876இல் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள். அன்னத்தின் கழுத்துபோல் நீண்டு வளைந்து, நுனியில் இதழ்போல் விரியும் நீலக் குப்பிகள் அந்தக் காலத்தில்தான் இங்கே பலர் கண்ணில் பட்டன. நம் பன்னீர்ச் சொம்புக்கு ஒன்றுவிட்ட உறவு. அந்தக் கழுத்து இங்கே எல்லோருக்கும் பிடித்துப்போனது.

என்னிடம் இருப்பதும் பன்னீர்ச் சொம்பு ஜாதிதான். பழம்பொருள் சந்தையில் நாற்பது பவுண்டுக்கு வாங்கியது. விற்றவர் பாரசீகம் என்றார், நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கண்ணைப் பறிக்கிற பச்சையில் ஒளிர்ந்தது. யுரேனியம் கலந்த கண்ணாடி. 1830களுக்குப் பிறகு பொஹீமியாவில் பரவி, இங்கும் வந்த வழக்கம். அடியில் முத்திரை எதுவும் இல்லை; பொஹீமியச் சாமானா, இந்த ஊர்ச் சாமானா என்று அடித்துச் சொல்ல முடியாது. வயிற்றைச் சுற்றி வெள்ளை எனாமலில் ஒரு வரி ‘எழுத்து’. லேபிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் எனாமல் இடது பக்கம் தடித்துத் தொடங்கி வலது பக்கம் மெலிந்து முடிகிறது. தூரிகை நிறைய இருந்தபோது இடப்பக்கம் வைத்திருக்கிறார், தீரத் தீர வலப்பக்கம் இழுத்திருக்கிறார். அரபு எழுதுகிறவருக்கு இது நேர் எதிர். புள்ளிகளும் இல்லை, பல எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதே புள்ளிகள்தான், அவற்றை அழுக்கு என்று விட்டுவிட்டாரோ என்னவோ. இடதிலிருந்து வலம் எழுதிப் பழகிய ஒரு கை, முன்னால் ஒட்டி வைத்த படத்தைப் பார்த்துப் பார்த்து இழுத்தது. அவருக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி இருந்திருக்கும்.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆயுள் முழுக்கக் கண்ணாடி வெட்டுகிற வேலை பார்த்து, தொழிற்சாலை மூடியபோது வீட்டுக்கு வந்தவர். சொம்பை அவரிடம் காட்டி, “இது எழுத்தே இல்லை” என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கோடு எங்கேயாவது நடுங்கியிருக்கிறதா, பாருங்கள்” என்று மட்டும் கேட்டார். நடுங்கவில்லை. அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

அசலா நகலா என்பதற்கு ஆய்வுக்கூடங்களில் வேறு வழிகளும் உண்டு. மம்லூக் நீலத்தில் சில சமயம் லாபிஸ் லஜூலிக் கல்லையே அரைத்துப் போட்டிருக்கிறார்கள். பச்சையில் குரோமியம் தென்பட்டால் அந்தச் சாமான் மத்திய காலத்தது இல்லை. குரோமியம் என்ற தனிமத்தையே 1797இல்தான் கண்டுபிடித்தார்கள். கருவி இல்லாதவர்களுக்குக் கண்ணே போதும். பழைய விளக்கின் கண்ணாடி தேன் கலந்ததுபோல் இருக்கும், குமிழி குமிழியாக. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகல் பளிச்சென்று குற்றம் சொல்ல முடியாமல் இருக்கும். அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்காரர்களுக்குக் குமிழி என்றால் அவமானம்.

அதனால்தான் எனக்கு வடிவமைப்பாளர் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸரைப் பிடிக்கிறது. ஜோன்ஸின் புத்தகத்தில் ஒரு தகட்டுக்குச் செடி கொடிப் படங்கள் வரைந்து கொடுத்த இளைஞர்தான், பின்னாளில் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் கூப்பர் அண்ட் சன்ஸுக்காக ‘க்ளூத்தா’ கண்ணாடியை வடிவமைத்தார். லண்டன் லிபர்ட்டி கடையில் விற்றார்கள். பாரசீகக் குப்பியின் வளைந்த கழுத்து அதில் உண்டு. எழுத்து கிடையாது, கொடி கிடையாது, தங்கம் பூசிய அலங்காரம் கிடையாது. ஒரு பச்சை, ஒரு புகை மஞ்சள், உள்ளே வேண்டுமென்றே விட்ட குமிழிகளும் கீற்றுகளும். மற்றவர்கள் இஸ்லாமியக் கண்ணாடியின்மேல் இருந்ததை எடுத்தார்கள். இவர் கண்ணாடியையே எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் குமிழிகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்.

பெரியவருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. மியூசியத்தில் ஒரு க்ளூத்தாவைக் காட்டியபோது, “இதை என் ஃபோர்மேனிடம் கொண்டுபோயிருந்தால் திரும்ப உலையில் போட்டு, கூலியிலும் பிடித்திருப்பார்” என்றார். பார்பின் குடுவைமுன் மட்டும் வெகுநேரம் நின்றார். தங்கக் கொடி ஒன்று கழுத்தைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும் இடத்தைக் காட்டி, அந்த இணைப்பு எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றார். என்னால் முடியவில்லை. அவர் கண்டுபிடித்தாரா என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார். அடுத்த முறை பூதக்கண்ணாடியோடு போக வேண்டும்.